வண்டிக்கு மானமில்லை

“பின்னாடி சீட்டையெல்லாம் கழட்டுங்க” என்றாள் மரிசெல்.

புரோக்கர் மாதேஷுக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. “எதுக்கும்மா?”

“நான் உள்ள படுக்கணும்.”

பக்கத்தில் நின்ற சவுரியப்பனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

எல்லாம் தம்பி மரிய ஆனந்தால் வந்தது. குவைத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கே இந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணமும் பண்ணிக்கொண்டான். போன வருஷம் ஏரியூருக்குக் கூட்டி வந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, அவன் மட்டும் திரும்ப விமானம் ஏறிவிட்டான். ‘மரிசெல்’ வாயில் நுழையாமல் ஊரே சேர்ந்து அவளை ‘மரியசெல்வி’ ஆக்கியது. அவளும் சும்மா இல்லை. ஒரே வருஷத்தில் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது கார் வேண்டுமாம். குவைத்தில் தான் உழைத்துச் சேர்த்த காசாம், பழசே போதுமாம். பொம்பளை தனியாகப் போனால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று சவுரியப்பனும் தர்மபுரிக்குப் பஸ் ஏறினார்.

மாதேஷ் முதலில் காட்டியது சிவப்புக் கார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. உள்ளே பாட்டுப் பெட்டி, குளுகுளு ஏசி.

“டாக்டர் வச்சிருந்த வண்டிங்க. கை படாம வச்சிருந்தாரு.”

சவுரியப்பனுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இதில் போய் மாதா கோயில் வாசலில் இறங்கினால் எப்படி இருக்கும்!

மரிசெல் கதவைத் திறந்தாள். குனிந்து பின்பக்கம் பார்த்தாள். “வேணாம்.”

வெள்ளைக் கார். “வேணாம்.”

நீலக் கார். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக மூலையில் கிடந்த ஒரு பழைய ஆம்னி வேனிடம் போய் நின்றாள். பெயின்ட் உரிந்து, கதவோரம் துரு ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன வண்டி.

“இது.”

“ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?” சவுரியப்பன் சீறினார். “வெளிநாட்டு மருமவ தக்காளி ஏத்தற வண்டியில போறான்னு ஊரே பேசும். எங்க வூட்டு மானம் என்னாவறது?”

“வண்டிக்கு மானம் இல்ல மாமா. பிரேக் இருந்தா போதும்.”

மாதேஷ் சிரிப்பை அடக்க முடியாமல் சாவி எடுக்கப் போய்விட்டான். அப்புறம்தான் சீட்டைக் கழற்றச் சொன்ன கூத்து.

கழற்றினார்கள். மரிசெல் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஏறினாள். துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்து, மல்லாக்கக் காலை நீட்டிப் படுத்தேவிட்டாள்.

“கதவு சாத்துங்க. ஓட்டுங்க.”

“படுத்துக்கிட்டேவாம்மா?”

“ஆமா. பள்ளமாப் பாத்து ஓட்டுங்க.”

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து வந்துவிட்டார்கள். அதில் ஏரியூர் பெரியண்ணனும் இருந்ததுதான் சவுரியப்பனின் கெட்ட நேரம்.

“என்ன சவுரி, மரியசெல்விக்குத் தூக்கம் வந்துருச்சா? வூட்ல பாய் இல்லியா?”

கொல்லென்று சிரித்தார்கள். வேன் குலுங்கிக் குலுங்கி ரோட்டில் போவதையும், ஒரு பள்ளம் விடாமல் இறங்கி ஏறுவதையும் பார்த்துக்கொண்டு சவுரியப்பன் பல்லைக் கடித்தார். இன்றைக்கு இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். குவைத்துக்குப் போன் போட்டுத் தம்பியை நாலு கேள்வி கேட்டால்தான் மனசு ஆறும்.

வேன் திரும்பி வந்து நின்றது.

“எறங்கு கீழ!” கதவை இழுத்துத் திறந்து கத்தினார். “நாலு ஆம்பளைங்க நிக்கற எடத்துல மல்லாந்து படுக்கறியே, வெக்கமா இல்ல? எங்க வூட்டுப் பொம்பளைங்க எவளாவது இப்படிச் செஞ்சிருப்பாளா? மானத்த வாங்கிட்டியே!”

மரிசெல் இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள். குரலை அவள் தாழ்த்தவே இல்லை. டீக்கடைக்காரர்களுக்கும் கேட்டது.

“உங்க வூட்டுப் பொம்பளை இருக்காங்க மாமா. உங்க சம்சாரம். மிக்கேலம்மா அக்கா.”

சவுரியப்பன் விழித்தார்.

“கெணத்து மேட்டுல விழுந்து இடுப்பு போச்சு. உக்கார முடியாது. ரெண்டு வருஷமா அந்த ரூம், அந்தக் கட்டில். நான் வந்த புதுசுல பாலக்கோட்டுல அவங்க அம்மா செத்தாங்க. ஆம்புலன்ஸ்ல எழவுக்குப் போனா ஊரு சிரிக்கும்னு நீங்க மட்டும் போனீங்க. அக்கா அம்மா மொகத்த என் போன்ல பாத்தாங்க. அன்னிக்கு மானம் எங்க இருந்துச்சு மாமா?”

பெரியண்ணன் டீ கிளாஸோடு மெல்ல நகர்ந்தார்.

மரிசெல் மாதேஷ் பக்கம் திரும்பினாள். “பின்னாடி ஸ்பிரிங் பட்டை புதுசு போடுங்க. இடுப்புல இடிக்குது. மெத்தை நான் போட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வண்டி வேணும்.”

“பூசைக்கு... யாரும்மா வர்றது?” சவுரியப்பன் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“அக்கா. படுத்துக்கிட்டே வருவாங்க. ஊரு சிரிக்கட்டும். அக்கா என்னைவிட ஒசரம் மாமா, அதான் காலை நீட்டிப் பாத்தேன். காலுக்குக் கீழ இன்னும் எடம் இருக்கு. பத்தும்.”