எட்டுப் பாகம் கயிறு

ஐம்பத்தேழாம் வருஷம் தங்கச்சிமடத்தையே படுக்கப் போட்ட ஃப்ளூ காய்ச்சல், சங்கு குளிக்கிற அருளப்பனையும் விடவில்லை. அவன் ஏற்கெனவே அமிலாய்டு நோயாளி. மெழுகு போன்ற ஏதோ ஒன்று அவன் நாக்கிலும் இதயத்திலும் படிந்து இறுகிக்கொண்டிருந்தது. "மத்தவங்களுக்கு இது வெறும் காய்ச்சல். இவன் இதயம் தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவன் மச்சினன் மிக்கேல் உட்கார்ந்திருந்தான். கடலில் அருளப்பனின் கயிற்றைப் பிடித்திருந்து, அடியிலிருந்து சுண்டியதும் மேலே இழுப்பவன் அவன்தான். அக்காள் தாலிமேல் அக்கறை உள்ளவன் கையில்தான் கயிறு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இங்கேயும் ஒரு முழக் கயிற்றை அத்தான் மணிக்கட்டில் கட்டி, மறுநுனியைப் பிடித்திருந்தான். நர்ஸ் யாகப்பம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது. நாடியும் இல்லை. அவள் போர்வையை முகம் வரை இழுத்தாள்.

"மூடாதிய நர்சம்மா. அத்தான் இன்னும் கயித்தைச் சுண்டலை."

அவன் சொன்ன நிதானத்தில் அவள் கை நின்றது. கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் போனது.

கயிறு இரண்டு தரம் சுண்டியது. மிக்கேல் எழுந்து, தோணியில் இழுப்பதுபோல் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். வந்துகொண்டே இருந்த கயிற்றை அவள் எண்ணத் தொடங்கினாள். எட்டுப் பாகம், எட்டு ஆள் ஆழத்துக்கான கயிறு வந்து சேர்ந்தபோது, அருளப்பன் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்.

மூச்சு நிமிஷத்துக்கு இருபத்திரண்டு என்று யாகப்பம்மாள் சார்ட்டில் எழுதினாள். பிறகு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த கயிற்றைச் சுருட்டி எடுத்துப்போய் வெயிலில் காயப் போட்டாள்.