தளர்ந்துகொண்டே இருந்த நட்டு

“இன்னைக்கும் அவுக வண்டியை விடலண்ணே.”

பானெட்டுக்குள் குனிந்திருந்த கோட்டைச்சாமி நிமிரவில்லை. செக்காலை ரோட்டில் இருபது வருடமாக மெக்கானிக். தேவிகா ‘அவுக’ என்றது யாரை என்று அவருக்குத் தெரியும். அவள் கணவன் வீரபாண்டியன் இறந்து பத்து மாதம் ஆகிறது.

திருமயம் போகும் சாலையில் அவன் கார் பாலத்தில் மோதி நொறுங்கிப்போனது. அதே ரகத்தில், அதே வெள்ளையில் ஒரு பழைய டீசல் காரைத் தேடி வாங்கினாள் தேவிகா. பள்ளத்தூரிலிருந்து நாட்டரசன்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போக வேண்டும், அவள் டீச்சர்.

சாவியை அவனுடைய பித்தளைக் காளை தொங்கும் சாவி வளையத்திலேயே கோத்துக்கொண்டாள். ஆயில் மாற்ற வந்த முதல் நாள், அதைக் கையில் வாங்கிய கோட்டைச்சாமி அந்தக் காளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்துதான் தொந்தரவு. எவ்வளவு மிதித்தாலும் கார் அறுபதைத் தாண்டாது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல முனகும்.

“டர்போங்கிறது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும் தங்கச்சி. அழுத்தம் அளவு மீறாம இருக்க ஒரு வால்வு இருக்கு. அந்த வால்வுக் கம்பியில இந்த நட்டு. இது தளந்தா அழுத்தம் ஏறாது, வண்டி இழுக்காது. இறுக்குனா பறக்கும்.”

அவள் வண்டியைக் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் கோட்டைச்சாமி நட்டைச் சரியாக வைத்து, மீட்டரில் அழுத்தம் ஏறுவதைக் காட்டுவார். பிறகு, “போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, மத்ததை மாட்டிர்றேன்” என்பார். ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் கார் பழையபடி முனக ஆரம்பித்துவிடும்.

முதலில் அது தேவிகாவுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பக்கத்து சீட்டில் அவன் இருந்துகொண்டு, ‘மெதுவாப் போ’ என்று சொல்வதுபோல. காலி சீட்டோடு பேசவும் தொடங்கியிருந்தாள்.

இன்று அவள் முகத்தில் அந்த ஆறுதல் இல்லை.

“காலையில கல்லல் தாண்டி ஒரு லாரியை முந்துனேண்ணே. மிதிச்சேன், மிதிச்சேன், வண்டி நகரல. எதுக்க பஸ்ஸு. எப்படி ரோட்டை விட்டு இறக்குனேன்னே தெரியல. பின் சீட்டுல எம்மக அனுசுயா இருந்தாண்ணே.”

கோட்டைச்சாமியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி இன்ஜினுக்குள் விழுந்தது.

“பிள்ளையுமா?”

“ஆமாண்ணே. கண்ணை மூடுனா அவுக சிரிக்கிற மாதிரியே இருக்கு. எங்க ரெண்டு பேரையும் கூடவே கூப்புடுறாக போல. ஏண்ணே எங்களை இப்படி விரட்டுறாக? உசுரா இருந்த மனுசண்ணே.”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோட்டைச்சாமி வேறு ஸ்பேனரை எடுத்தார். நட்டை அளவாக வைத்து, மீட்டரைப் பார்த்து, பானெட்டை மூடினார். டீ குடிக்கப் போகச் சொல்லவில்லை.

“அந்த மனுசனைப் பழி சொல்லாதீக தங்கச்சி. இனிமே வண்டி இழுக்கும். நட்டைத் தளத்துனது நான்தான். ஒவ்வொரு தடவையும்.”

தேவிகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காரில் சாய்ந்துகொண்டாள்.

“செத்திருப்போமேண்ணே! நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?”

“வேகமாப் போனாத்தான் சாவுன்னு நெனச்சுட்டேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்த வளையத்தைப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமில்ல.”

“எதுக்குண்ணே?”

“வீரபாண்டியன் வண்டிக்கு நட்டை அளவுக்கு மேல இறுக்கிக் குடுத்ததே நான்தான்.”