நாலு மாடி இறங்கிய வாக்கு

“கிழவனை இண்டைக்கு வெளிக்கிட விடாதையும், சறோ. அந்தாள் எங்களுக்கு எதிராத்தான் போடும்.”

தொலைபேசியில் சொன்னவர் அருளம்பலம். பலெர்மோ தமிழ்ச் சங்கம் ஒன்றின் தலைவர்.

சறோஜாவுக்கும் அந்தப் பயம்தான். குடியுரிமை கேட்கப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை ஐந்தாகக் குறைக்கலாமா என்று இன்று இத்தாலி முழுவதும் வாக்கெடுப்பு. பாதிப் பேராவது வந்து போட்டால்தான் அது செல்லும். அவளும் மகள் வேணுகாவும் வந்து ஏழு வருடம்.

அவள் பராமரிக்கும் சல்வத்தோரேக்குத் தொண்ணூற்றொரு வயது. வெளிநாட்டுக்காரரைப் பற்றிப் புறுபுறுக்காமல் காலைக் கோப்பியும் குடிக்கமாட்டார்.

“லிஃப்ட் பழுது, சிஞ்ஞோரே,” என்று வாக்குப் போடக் கிளம்பிய ஐயாவைத் தடுக்கப் பார்த்தாள்.

“கால் இருக்கிறதே. கதிரையைத் தூக்கிக்கொண்டு வா.”

நாலு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் சமையலறைக் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார்.

மூன்றாம் மாடியில் சொன்னார்: “என் அண்ணன் அமெரிக்கா போகப் பதினொரு வருடம் காத்திருந்தான். அப்போது நாட்டுக்கு இத்தனை பேர் என்று அங்கே ஓர் அளவு. ஆங்கிலேயருக்கு அள்ளிக் கொடுத்தார்கள், எங்களுக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள்.”

இரண்டாம் மாடியில்: “அறுபத்தைந்தில் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். அண்ணன் போய் நியூயோர்க்கில் பாண் கடை போட்டான். அதே கதவால் கொரியர் வந்தார்கள், இந்தியர் வந்தார்கள். இத்தாலியர் மட்டும் இருந்த தெருவில் இன்று பத்துப் பாஷை. அண்ணனின் பேத்தி கட்டியிருப்பது உங்கள் பக்கத்து டொக்டரை. மதுரையாம்.”

சறோஜா கைப்பிடியைப் பற்றியபடி நின்றாள். எங்கோ ஒரு மண்டபத்தில் சிலர் கை தூக்கியிருக்கிறார்கள். ஒரு தேசத்தின் முகமே மாறியிருக்கிறது.

“அந்தச் சட்டத்தை மாற்றக் கை தூக்கியவர்களில் ஒருவனுக்கும் என் அண்ணனைத் தெரியாது,” என்றார் கிழவர். “என்னை எழுப்பு.”

வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்திலிருந்து வியர்த்து வழிய வெளியே வந்தார்.

“ஆம் என்று போட்டேன். அதற்காக உன் ஆட்கள் பஸ்ஸில் போனில் கத்துவதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.”

எதிரே கோப்பிக் கடையில் அருளம்பலம் நின்றார். இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்துப் பல வருடமாகிவிட்டவர்.

“ஐயா எங்களுக்காகப் போட்டிட்டார், அண்ணை. நீங்கள் எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?”

அவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

“நான் என்னத்துக்குப் போட? நான் பத்து வருசம் நிண்டுதானே எடுத்தனான். நீங்களும் நில்லுங்கோவன்.”