சத்தமில்லாத ஃபேன்

கணக்கு வாத்தியார் எக்ஸாஸ்ட் ஃபேனை அட்டைப்பெட்டியோடு கடை மேஜையில் வைத்தார்.

"சத்தம் வருதா சார்?" என்றார் கடைக்காரர்.

"வரல. அதான் கொண்டுவந்தேன்."

கடைக்காரர் விழித்தார். போன வாரம் கடையிலிருந்த அத்தனை ஃபேனையும் ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, இதைப் பொறுக்கியெடுத்தவரே இவர்தான்.

"புகையை இழுக்கலையா?"

"நல்லா இழுக்குது. நான் எக்ஸ்சேஞ்ச்ல குடுத்த பழசு இருந்தா குடுத்துடுங்க."

"அது லாரி மாதிரி உறுமுதுன்னு நீங்கதானே சார் கரிச்சுக் கொட்டினீங்க?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "என் சம்சாரம் சமைக்கும்போது பாடுவா."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஓ... அது உங்க காதுல விழக் கூடாது!"

"அட, நீங்க வேற! அவளுக்குக் கூச்சம். அந்த உறுமல்ல யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷமா பாடினா. ஹால்ல உக்காந்தா எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் கேக்கும்."

"அப்புறம் எதுக்கு சார் இதை வாங்கினீங்க?"

வாத்தியார் அட்டைப்பெட்டியைத் தடவினார்.

"முழுசா கேக்கணும்னு ஆசைப்பட்டேன். இதை மாட்டின அன்னைக்கே பாட்டு நின்னுபோச்சு."