சிக்னல் பாறை

ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் இந்தப் பாறைதான். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கீழே லுங்கியுமாக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் கோகுல்ராஜ். வீடியோ இண்டர்வியூ முடிந்துவிட்டது. "தகவல் சொல்றோம்" என்று, இதுவரை வேலை தராத எல்லாரும் சொன்னதையே சொல்லிவிட்டுப் போய்விட்டாள் இண்டர்வியூ எடுத்த அம்மாள். சொம்பில் சாய்த்து வைத்த போனின் இருண்ட திரையில் அவன் முகம் தெரிகிறது. இண்டர்வியூவுக்காக வரவழைத்த சிரிப்பு இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. புறங்கையால் வாயை அழுத்தித் துடைக்கிறான். போகவில்லை. மஞ்சள் வெயில் பாறையை விட்டு இறங்குகிறது. கீழே களத்தில் சாமை புடைக்கிற முறத்தின் சத்தம் நிற்கிறது. "கோகுலு, இன்னா சொன்னாங்க?" என்று அங்கிருந்து அவன் அம்மா குரல் கொடுக்கிறாள். அவன் முதுகை நிமிர்த்தி, காலர் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். சிரித்தபடியே, "யெஸ் மேடம்" என்கிறான்.