எட்ட நின்று

பாயில் படுக்கச் சொன்னார்கள். அவள் முதுகு தானாகச் சுவரைத் தேடியது.

பதறிப்போய் நடுப்பாய்க்கு நகர்ந்தாள். வீடு இருப்பவர்கள் படுப்பதுபோல் கைகாலைப் பரப்பி மல்லாந்தாள்.

"இவ பிளாட்பாரத்துல படுத்திருக்காளா, அம்மா வீட்ல படுத்திருக்காளா?" என்று யாரோ கேட்க, நர்சிங் இரண்டாம் ஆண்டு வகுப்பே சிரித்தது.

சிரிக்கட்டும். சிரிக்கும்வரை பயமில்லை.

நாளை விடியற்காலையில் நாற்பது பேரும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் போகிறார்கள். நடைபாதையில் குடியிருப்பவர்களுக்குப் புண், காய்ச்சல், பிரஷர் பார்க்க. இன்று அதற்கு ஒத்திகை. தூங்கும் பெண்ணாகப் படுக்க ஹேமலதா மேடம் அவள் ரோல் நம்பரைக் கூப்பிட்டிருந்தார்.

பன்னிரண்டு வயதுவரை அவள் படுத்தது அந்த நடைபாதையில்தான். அம்மா போய்ச் சேர்ந்தபின் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். படித்தாள்.

கல்லூரியில் யாரிடமும் மூச்சுக் காட்டியதில்லை. ஊர் திண்டிவனம் பக்கம் என்று சொல்லிவைத்திருந்தாள். திண்டிவனமும் பாவம், இரண்டு வருடமாக அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பெனிட்டா வந்தாள். ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. பாடத்தில் சொன்னபடி மண்டியிட்டுத் தோளைத் தொட்டாள்.

"அம்மா..."

தொடப்போகிறாள் என்று தெரியும். பெனிட்டாவின் கை என்றும் தெரியும்.

உடம்புக்குத் தெரியவில்லை.

கண் திறந்தபோது அவள் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். பெனிட்டாவின் மணிக்கட்டு அவள் பிடியில் முறுகிக்கொண்டிருந்தது.

"ஐயோ, விடுடி!"

சிரிப்பு நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேடம்.

"கூச்சம், மேடம்."

மறுபடி சிரித்தார்கள். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மேடம் வகுப்பின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அவங்க முழிக்கிறதுக்குள்ள போயிடணும். இதே மாதிரி தோளைத் தொட்டு எழுப்புங்க. சந்தேகம் இருக்கா?"

இருட்டு பிரியாத தெரு. வரிசையாகத் தூங்கும் பெண்கள். அவர்கள்மேல் குனியும் நாற்பது பேர்.

அந்தத் தெருவில், தூக்கத்தில் தோளில் விழும் கைக்கு ஒரே அர்த்தம்தான். அம்மா அவளைச் சுவரோரம் போட்டு, தான் வெளிப்பக்கம் படுப்பாள். ஒரு நாள் அந்தக் கை அம்மாவைத் தாண்டி வந்தது.

பேசாமல் இருந்தால் தப்பித்தாள்.

பயமாக இருந்தது. அந்தத் தெருவில்கூட இப்படிப் பயந்ததில்லை.

"மேடம், தொடக் கூடாது."

"ஏன்?"

"எட்ட நின்னு, கால்மாட்டுல இருந்து கூப்பிடணும். யாருன்னு சொல்லணும். அவங்களா வாங்கன்னு சொன்னப்புறம்தான் கிட்டப் போகணும்."

"எந்தப் புக்ல இருக்கு?"

"புக்ல இல்ல, மேடம். நானும் எங்கம்மாவும் அங்கதான் படுத்திருந்தோம்."

இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மேடம் பெனிட்டாவின் பக்கம் திரும்பினார். "பெனிட்டா, அவ சொன்ன மாதிரியே இன்னொரு தடவ செய்," என்றார்.

அவள் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

காலடி வந்தது. கால்மாட்டில், எட்டவே நின்றது.

"அம்மா, நான் நர்ஸ் வந்திருக்கேன். பெனிட்டா."

சரியாகத்தான் சொன்னாள். காலையில்கூட இவள் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்துத் தின்றவள். இப்போது கிட்ட வருவாளா?

"வாங்க," என்றாள் இவள்.

கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அடுத்த காலடிக்காகக் காத்துக் கிடந்தாள்.