விரல் சோதனை

வீட்டிலிருந்தபடியே சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் செய்து சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்குக் கொடுக்கிறேன். எட்டுக் கால் சிப், ஒன்பது வோல்ட் பேட்டரி, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். பள்ளிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்குவார்கள். சோதிப்பது எளிது. உள்ளே போகும் கம்பியை விரலால் தொட்டால் ஸ்பீக்கர் 'உர்ர்' என்று உறும வேண்டும். யார் தொட்டாலும் உறுமும்.

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் லிங்கராஜ் விழிஞ்ஞம் துறைமுக வேலை முடிந்து தொப்பலாக நனைந்து வந்தார். மழை பெய்யவில்லை. என் கையில் சால்டரிங் அயன் இருந்தது.

"இந்தக் கம்பியக் கொஞ்சம் தொடுங்க."

தொட்டார். சத்தமே இல்லை.

"சிப்பு போயிருக்கும். சாரமில்ல, விடு, வேற மாத்து."

மாற்றினேன். நான் தொட்டேன், உறுமியது. எங்கள் ஐந்து வயது மகள் ஷிஜா தொட்டாள், உறுமியது, சிரித்தாள். அவர் தொட்டார், இல்லை. இன்னும் இரண்டு முறை சிப் மாற்றியும் அவருக்கு மட்டும் அதேதான். எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று சிப் வீணானதுதான் மிச்சம்.

அவர் சாப்பிட்டுவிட்டு ஷிஜாவை அணைத்துக்கொண்டு தூங்கினார். நான் போர்டுகளை முடித்துவிட்டு முன்னறையிலேயே படுத்துவிட்டேன்.

காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போனார். அவர்கள் படுத்திருந்த பாயைச் சுருட்டினேன். ஈரமாக இருந்தது.

ஷிஜா தானாகவே மேசைக்கு வந்து கம்பியில் விரலை வைத்தாள். சத்தம் இல்லை. அவசரமாக நான் தொட்டேன். உறுமியது.

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டுந்தான் இன்னும் சத்தம் வருது. இன்னிக்கு எங்ககூடப் படும்மா."